காது டெஸ்டில் பாஸ்

துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இருபது வருஷமாக கிரைண்டர் பிடிக்கிறேன். வெல்டிங் அடித்த இரும்பின் மேடு பள்ளத்தைத் தேய்த்துச் சமமாக்குவது என் வேலை. ஷாப் என்று நாங்கள் சொல்லும் பட்டறைக்குள் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவன் சொல்வது காதில் விழாது. வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் எனக்குக் குரல் உச்சத்தில்தான் வரும். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் புதிதாக வருகிறவர்கள், எங்கள் வீட்டில் தினமும் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். நான் காபி கேட்டிருப்பேன். என் மனைவியும் கத்திப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள். டிவி சத்தம் எதிர்வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான்.

கம்பெனிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் வேன் வரும். கண், ரத்தம், கடைசியாகக் காது. தலையில் ஹெட்போனை மாட்டிக் கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். காது மந்தம் என்று பேப்பரில் ஏறிவிட்டால் ஷாப்பிலிருந்து எடுத்து ஸ்டோருக்கோ வாசல் காவலுக்கோ மாற்றிவிடுவார்கள். யாருக்கும் அது பிடிக்காது. அதனால் எங்களுக்குள் ஒரு வித்தை இருந்தது. மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் சத்தத்தை அனுப்பும்போது அவர் தோள் லேசாக அசையும். தோள் அசைந்தால் அமுக்கு. எல்லாவற்றுக்கும் அமுக்கினால் சந்தேகம் வரும், அதனால் நடுநடுவே ஒன்றிரண்டை விட்டுவிடு. எனக்கு ஒரு சீனியர் சொன்னார், நான் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். இதை ஏமாற்று என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. பிழைக்கத் தெரிந்தவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த வித்தையைக் கம்பெனிக்கு வெளியே ஒரே ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் என் மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது.

அவள் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த சில மாதத்தில் ஒரு காலையில் காய்ச்சலோடு எழுந்தாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஜன்னலைத் திறந்தால் கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். குனிந்து சட்டை போடச் சொன்னால் கழுத்து வளையவில்லை. டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே இருந்த குழந்தைகள் டாக்டர் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் பாக்டீரியா கிருமி இறங்கியிருக்கிறது என்று சொன்னார். ஊரில் இதை மூளைக்காய்ச்சல் என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல வேளையாக ஊசி மருந்துக்குக் கட்டுப்பட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், இந்தக் காய்ச்சல் சில பிள்ளைகளுக்குக் காதைப் பாதிக்கும், ஒரு ஹியரிங் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

டெஸ்ட் எடுக்கும் இடம் டவுனில் ஒரு கடைத்தெருவின் மாடியில் இருந்தது. நானும் அவளும் மட்டும் பஸ்ஸில் போனோம். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவளை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன். முன் சீட்டுக் கம்பியைப் பட்டனாக வைத்துக்கொண்டோம். நான் தோளை அசைப்பேன், அவள் கம்பியை அமுக்க வேண்டும். நடுவில் சும்மா இருப்பேன், அப்போது அமுக்கக் கூடாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அவள் என்னைவிடக் கெட்டிக்காரியாகிவிட்டாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். அவளுக்குக் காது கேட்காது என்று நான் சத்தியமாக நினைக்கவில்லை. நன்றாகக் கேட்கிற பிள்ளை, புது இடத்தில் பயந்துபோய்த் தப்பாக அமுக்கிவிடப் போகிறாளே என்றுதான் நினைத்தேன். டெஸ்ட் என்றாலே தப்பிக்க வேண்டிய ஒன்று என்று என் மண்டையில் ஊறிப்போயிருந்தது. இது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். பொம்பளைப் பிள்ளை, செவிடு என்று ஒரு பேப்பரில் ஏறிவிட்டால் பின்னால் கல்யாணத்துக்கு வந்து நிற்குமே என்ற கணக்கும் உள்ளே ஓடியது. ஆறு வயதுப் பிள்ளை அப்போதுதான் சாவிலிருந்து திரும்பி வந்திருக்கிறாள், அப்பன் அவள் கல்யாணத்தைப் பற்றி நினைக்கிறான்.

சின்ன அறை. டெஸ்ட் எடுத்த பெண் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டு காதும் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. கீழே இறங்கி அவளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். பாஸாகிவிட்டோம் என்று சொன்னேன்.

அடுத்த இரண்டரை வருஷம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். குனிந்து வீட்டுப்பாடம் எழுதும்போது அவளுடைய வலது மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டும். சளி மாதிரி இருக்காது, குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். நோட்டில் எழுத்து கலங்கிப்போகும். என் மனைவி நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். காவிரிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் அவளை மூக்கொழுகி என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள்.

இன்னொன்றும் இருந்தது. சில நேரம் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கத்திப் பேசும் வீட்டில் அது யாருக்கும் உறைக்கவில்லை. நாலாவது தடவை கத்தும்போது எப்படியும் திரும்பிவிடுவாள். செவிடன் காதில் சங்கு ஊதின மாதிரி என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன். அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கை முந்திவிடும். கன்னத்தில் ஒன்று வைத்தேன். அவள் உடனே அழவில்லை. நான் எங்கிருந்து வந்தேன் என்று தெரியாதவள் போல மலங்க மலங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. நடிக்கிறாள் என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அடித்தது வலது கன்னத்தில்.

இரண்டாவது தடவை அதே காய்ச்சல் வந்தபோது டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. அவள் தேறிய பிறகு எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"வீட்டுக்குள்ள ஒரு தடவ தண்ணி வந்தா மழைன்னு விட்டுடலாம். திரும்பவும் வந்தா எங்க ஓட்டைன்னு தேடணுமில்லைங்களா? கிருமி உள்ள போறதுக்கு இவ ஒடம்புல எங்கயோ வழி இருக்கு."

தேடினார், உண்மையிலேயே தேடினார். அவளைக் குப்புறப் படுக்க வைத்து முதுகெலும்பு நெடுக விரலால் தடவிப் பார்த்தார். எங்காவது சின்னக் குழியோ துவாரமோ இருக்கிறதா என்று தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். எதிர்ப்புச் சக்திக்கு ரத்தம் எடுத்தார்கள். மண்ணீரல் சரியாக இருக்கிறதா என்று வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். மூக்குக்கு மேலே எலும்பில் விரிசல் இருக்கலாம் என்று அதற்கு ஒரு ஸ்கேன். தலையில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டார், இல்லை என்றோம். மூக்கில் தண்ணீர் வடியுமா என்று கேட்டார், என் மனைவி சளி பிடிக்கும் என்றாள். அவளைக் குனிய வைத்துக் காத்திருந்து பார்த்தார். அன்றைக்கென்று ஒரு சொட்டு விழவில்லை.

பிறகு காது நன்றாகக் கேட்கிறதா என்றார்.

"அவளுக்கு வேணும்னா நல்லாக் கேக்கும் மேடம்," என்று சொல்லிவிட்டு நான் சிரித்தேன். ஃபைலிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். டாக்டர் அதை மேலிருந்து கீழ் வரை படித்தார். தன் தாளில் ஒரு வரியில் டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அந்த டிக் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த நேரத்தில் பஸ்ஸும் சீட்டுக் கம்பியும் நினைவுக்கு வந்தனவா என்றால், வந்தன. வரவில்லை என்று எழுதினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வந்தன. வாயைத் திறக்கவில்லை. பிள்ளைக்குக் காது கேட்கிறது, அதனால் சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்கு நானே வாதாடினேன். படித்த அம்மா முன்னால் நான் ஒரு தில்லுமுல்லுக்காரனாக உட்கார வேண்டியிருக்குமே என்பதுதான் நிஜமான காரணம். தடுப்பூசிகள் போட்டு அனுப்பினார்கள்.

ஏழு மாதம் கழித்து ஸ்கூலில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. ஷாப்பில் எனக்கு ஃபோன் மணி கேட்கவில்லை, சூப்பர்வைசர் வந்து தோளைத் தட்டிச் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளை ஐசியுவுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். மூன்று நாள் கண் திறக்கவில்லை. என் மனைவி ஐசியு வாசலில் நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.

இரண்டாம் நாள் டாக்டர் வெளியே வந்து, ஒவ்வொரு தடவையும் பிழைத்துக்கொள்வாள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். வழியைக் கண்டுபிடிக்காவிட்டால் நாலாவது தடவையும் வரும் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்று தடவை ஆகிவிட்டதே, இத்தனை நாள் என்னதான் பார்த்தீர்கள் என்று ஷாப்பில் கத்துவது போல அந்தக் காரிடாரில் கத்தினேன். நர்ஸுகள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் நான் முடிக்கும் வரை நின்று கேட்டுவிட்டு, சரிங்க, தேடுறேங்க என்று சொல்லி உள்ளே போனார். உண்மையை மடியில் கட்டி வைத்திருந்தவன் நான், திட்டு வாங்கியவர் அவர். அந்தக் காரிடாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மகள் கண் திறந்தாள். பேசினாள். நடக்க ஆரம்பித்த பிறகு டாக்டர், பழையது எதையும் நம்பப் போவதில்லை, எல்லா டெஸ்டையும் முதலிலிருந்து எடுக்கிறேன் என்றார். காது டெஸ்டும் அதில் உண்டு. இந்த முறை ஆஸ்பத்திரியிலேயே, வெளிச் சத்தம் புகாத தனி அறையில்.

அந்த அறைக்குக் கனமான இரட்டைக் கதவு. பக்கச் சுவரில் ஒரு கண்ணாடி. மெஷினுக்கு முதுகைக் காட்டி அவளை உட்கார வைத்தார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். முதலில் இடது காது. டக் டக்கென்று அமுக்கினாள், முகத்தில் சந்தோஷம். பிறகு வலது காது. அவள் விரல் பட்டன் மேலேயே இருந்தது. கீழே இறங்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பின்னால் திரும்பிப் பார்க்கப் போனவளை மெஷினில் உட்கார்ந்திருந்த பெண் கையால் தடுத்தது. அப்போது அவள் கண்ணாடி வழியாக என்னைத் தேடினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளைப் பார்த்தாள்.

ஒரு நொடியில் எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பாலத்தில் சொல்லிக்கொடுத்ததை அவள் மறக்கவில்லை. சத்தம் என்று ஒன்று அந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. வலது காது டெஸ்ட் என்றாலே தோளைப் பார்ப்பதுதான் என்று நினைத்திருக்கிறாள். நான் கண்ணாடியை விட்டு விலகிச் சுவரோரமாக நின்றுகொண்டேன். மறுபடி எட்டிப் பார்த்தபோது வாய்ப்பாடு மறந்த பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

வலது காது சுத்தமாகக் கேட்கவில்லை. காதுக்கென்று தனியாக ஸ்கேன் எடுத்தார்கள். உள்காதில் நத்தை ஓடு போல ஒரு பாகம் இருக்கிறதாம். வலது பக்கம் அது பிறவியிலேயே சரியாக உருவாகவில்லை. அங்கே ஒரு துவாரம். மூளையைச் சுற்றியிருக்கும் நீர் அது வழியாகக் கசிந்து நடுக்காதுக்கு வந்து, அங்கிருந்து மூக்கின் பின்பக்கம் இறங்குகிறது. நீர் வெளியே வரும் அதே வழியில் கிருமி உள்ளே போகிறது. மூக்கொழுகி என்று நான் கிண்டல் செய்தது சளியே இல்லை. ஆபரேஷன் செய்து அந்தத் துவாரத்தை அடைத்துவிடலாம் என்றார் டாக்டர். கேட்காத காதுதான், இழக்க ஒன்றுமில்லை.

அன்றைக்கு என் மகள் அவள் அம்மாவிடம் கேட்டாள், "உனக்கு ரெண்டு காதும் கேக்குமாம்மா?" எல்லோருக்கும் ஒன்றுதான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் அந்தப் பழைய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "மொத தடவையே ஒரு காது கேக்கலன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே காத ஸ்கேன் பண்ணியிருப்பேன். பின்னாடி ரெண்டு தடவ வந்திருக்காது. இந்தப் பேப்பர நான் நம்பியிருக்கக் கூடாது," என்றார். தன்னைத்தான் திட்டிக்கொண்டார். பிறகு மகளிடம் குனிந்து, அன்றைக்கு எப்படி எல்லாவற்றுக்கும் சரியாக அமுக்கினாய் என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒன்பது வயது முகம், ஆனால் நான் அதில் பார்த்தது என் சீனியரின் முகத்தை. காட்டிக்கொடுக்காத முகம்.

"நானாத்தான் கண்டுபிடிச்சேன் மேடம். அந்த அக்காவுக்குத் தோளு ஆடும்."

டாக்டர் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள், அதில் பிள்ளையின் சாமர்த்தியத்தைப் பற்றிய பெருமையும் இருந்தது. நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால், பஸ்ஸில் சொல்லிக்கொடுத்ததைச் சொல்ல மாட்டேன். இந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலது காதின் மேல் பெரிய கட்டு. மூக்கில் தண்ணீர் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகும் நாளுக்கு முந்தின காலை டாக்டர், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு கட்டிலருகே வந்தார். திரும்பத் திரும்ப இந்தக் காய்ச்சல் வந்தால் முதுகைப் பாருங்கள், மூக்கைப் பாருங்கள், காதை மறக்காதீர்கள், பேப்பர் நார்மல் என்று சொன்னாலும் நீங்களே ஒரு தடவை சோதித்துப் பாருங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் குட்டி டெஸ்டையே ஏமாற்றிவிட்டது என்று என் மகளின் காலைத் தட்டினார். அவர்களும் சிரித்தார்கள். அதில் ஒரு பையன் மட்டும் சிரிக்காமல் அவள் இடது பக்கம் குனிந்து, இனிமேல் அப்படிச் செய்யக் கூடாது பாப்பா, உனக்குத்தானே கஷ்டம் வந்தது என்று அன்பாகச் சொன்னான்.

அவள் சரி என்று தலையாட்டினாள். செய்யாத தப்புக்கு, மூன்று தடவை முதுகில் ஊசி வாங்கிய பிள்ளை, சரி என்று தலையாட்டினாள். சிரிப்பை நான் தாங்கியிருந்தேன். அந்தத் தலையாட்டலைத் தாங்க முடியவில்லை.

"அவ செய்யலைங்க மேடம். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக மெல்லிய குரலில் பேசியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்டுவிட்டது. டாக்டர் எப்போது என்று மட்டும் கேட்டார். டெஸ்டுக்குப் போகும்போது, பஸ்ஸில் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. காரிடாரில் நான் கத்தியதை நினைவுபடுத்தவும் இல்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமேங்க என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினார். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. துண்டை எடுத்து மடித்தாள், பிரித்து மறுபடி மடித்தாள்.

கட்டிலில் இருந்தவள் மட்டும் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய வலது பக்கம் நின்றிருந்தேன்.

"என்னப்பா சொன்னீங்க? எனக்குக் கேக்கல."

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். கட்டிலின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய், அவள் காதருகே குனிந்து, அதையே இன்னொரு தடவை சொன்னேன்.